உடையவன் சம்மதம்

"பாக்கோணும்னா பாத்துக்குங்க. காப்பி மட்டும் எடுக்கக் கூடாது. அது திருட்டுப் பொருளுங்க."

ராசாத்தி பிளாஸ்டிக் பையைப் பிரித்து, அந்த ஃபிளாப்பியைக் கட்டிலின் மேல் வைத்தாள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் போடும் அகலமான கறுப்புத் தட்டு. சூரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வெண்ணந்தூர் வந்திருந்த அன்பரசு, தொடாமல் குனிந்து பார்த்தார். உள்வட்டத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

"அம்மிணி, நாங்க நாப்பது பேர் இருக்கோம். குப்பைக்குப் போற பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் புடிச்சு ரிப்பேர் பண்ணி ஓட்டறவங்க. பொழப்புக்கில்ல, ஆசைக்குத்தான். மிஷின் கெடைச்சிருது. அதுல ஓட்டறதுக்குப் புரோகிராம்தான் கெடைக்கறதில்ல. உங்கண்ணன் செஞ்ச ஆடுபுலியாட்டம் இந்த ஒண்ணுலதான் இருக்குது. இருந்த இன்னொண்ணையும் எப்பவோ எரிச்சுட்டாங்க."

"எங்கண்ணன் செஞ்சது இல்லீங்களே. அதத்தானே நானும் சொல்றேன்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மாதேஸ்வரன் அண்ணன் பாலிடெக்னிக்ல படிக்கறப்ப, கூடப் படிச்ச பையன் செஞ்சதக் காப்பியடிச்சு, தம்பேரப் போட்டுப் போட்டிக்குக் குடுத்துருச்சாம். எங்கய்யனக் கூப்புட்டனுப்பி, அத்தன பேரு முன்னால நிக்க வெச்சு அசிங்கமாப் பேசிப்புட்டாங்க. எட்டாம் நாளு அண்ணனக் கெணத்துல இருந்துதான் எடுத்தோம். எனக்கு அப்ப ஒம்பது வயசு."

"அந்தப் பையன் பேரு?" என்று கேட்டார் அன்பரசு.

"எங்கய்யன் சாகற மட்டும் சொல்லலீங்க. 'தப்பு நம்ம மேல. பேரு தெரிஞ்சா நாளைக்கு நீங்க அவனைச் சபிப்பீங்க'ன்னுட்டாரு. 'என்னைக்காச்சும் வந்து கேப்பான், குடுத்துரு'ன்னாரு. முப்பத்தாறு வருசமாச்சு. ஒருத்தரும் வரல."

"அம்மிணி, இது இந்த மழைக்காலம் தாங்காது. பூஞ்சை புடிச்சிருச்சு பாருங்க. இன்னிக்கு எடுத்தா உண்டு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"நான் ஆருங்க சொல்றதுக்கு?"

"உங்க சம்மதம் போதும். வேற யாரு சம்மதமும் தேவையில்ல."

"நல்லா இருக்குதே நாயம்!" ராசாத்தி சிரித்துவிட்டாள். "பக்கத்துத் தோட்டத்துத் தேங்காயப் பறிச்சுக்கோன்னு நான் சொன்னா ஆச்சுங்களா?"

"இத வெச்சு இப்ப யாரும் பொழைக்கறதில்ல அம்மிணி. காப்பி எடுத்தா யாருக்கு நட்டம்?"

"எங்கண்ணனும் அப்படித்தான் நெனச்சிருக்கும்."

அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஆயுத பூசைக்கு மோட்டாரு, மம்மட்டி, மிக்சி வரைக்கும் பொட்டு வெக்கறேன். இதுக்கு மட்டும் வெக்கறதில்லீங்க. அடுத்தவங்க பொருளு. எலி கடிக்காமப் பாத்துக்கறதோட சரி."

"அழிஞ்சு போயிருமே, அம்மிணி."

"போனாப் போகட்டும். மறுக்காவும் எங்க ஊட்டுல இருந்து திருட்டுப் போச்சுன்னு வேண்டாம்." அவள் குரல் இறங்கியது. "அந்தப் பையனுக்கு இப்ப ஒங்க வயசு இருக்குமுங்க. இந்த வாசல்ல வந்து நின்னு, 'இது என்னோடதுதான், எடுத்துக்கட்டும்'னு ஒரு வார்த்த சொல்லட்டும். அடுத்த நிமிசம் ஒங்க கையில குடுத்தர்றேன்."

அன்பரசு, காப்பி எடுப்பதற்கென்று சுமந்து வந்திருந்த பெட்டியை, திறக்காமலே தோளில் மாட்டிக்கொண்டார்.

"போயிட்டு வாரேன் அம்மிணி."

"இருங்க." ராசாத்தி ஃபிளாப்பியை மறுபடி பையில் சுற்றிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்தாள். "ஒங்களுக்கு நாலு பேரத் தெரியும். எங்கயாச்சும் அவரப் பாத்தா, எங்கண்ணன மன்னிச்சிரச் சொல்லுங்க சாமி. தங்கச்சி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டான்னு சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினார். 'உடையவங்க நீங்கதான் அம்மிணி' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அன்று மாதேஸ்வரனின் ஃபிளாப்பியை அவனுக்குத் தெரியாமல் காப்பி எடுத்துக்கொண்டு போய், பிரின்சிபால் முன்னால் "இது நான் எழுதின புரோகிராம் சார்" என்று தேம்பி அழுத அவருடைய அந்தப் பழைய வாய், அதை வெளியே விடவில்லை.