நல்ல நிலையில்

திலகவதியின் மாமனார் நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். அதனால் கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே கணவர் குணசீலனின் தட்டு அவள் பொறுப்பாயிற்று. ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது, எண்ணெயும் கரண்டிக் கணக்குத்தான். "ஆஸ்பத்திரிச் சோறு" என்று முணுமுணுத்தபடியே அவர் பதினெட்டு வருடம் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை பைக்கிலிருந்து விழுந்ததில் தலையில் அடி. வியாழக்கிழமை மூளைச்சாவு என்றார்கள்.

உறுப்பு தானம் பற்றிப் பேச வந்த மருத்துவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எல்லா டெஸ்ட்டும் பார்த்துட்டோம்மா. சாரோட இதயம் ரொம்ப நல்லா இருக்கு."

பரீட்சை முடிவைக் கேட்டவள்போல் அவள் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. காட்டிய இடங்களிலெல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"யாருக்குப் போகுதுன்னு சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்லக் கூடாதும்மா" என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ்.

"பரவாயில்ல. காலையில அஞ்சரைக்கு நடக்க அனுப்பிடணும். முழங்கால் வலிக்குதுன்னு பொய் சொல்வாரு. நம்பாதீங்க."

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு படிவத்தின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டாள்.