முப்பத்தொரு சிவப்பு நூல்

முப்பத்தொரு சிவப்பு நூல்களும் ஒரே குண்டூசியில் போய் முடிந்திருந்தன.

குண்டூசிக்குக் கீழே இருந்த மஞ்சள் சீட்டில் ஒரே ஒரு சொல்: சோடாபுட்டி.

பயிற்சியாளர் சீட்டுக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய்ப் படித்தார். பிறகு மண்டபத்தின் பக்கம் திரும்பி, இது எந்தக் குழு என்று கேட்டார்.

பன்னிரண்டு குழுக்கள், நூற்றிருபது பேர். ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

ஒன்பது பேராக இருந்த காலத்தில் எங்களுக்கு அஜைல் என்கிற வேலைமுறை நன்றாகவே வந்தது. காலையில் கால் மணி நேரம் நின்றபடி பேசுவோம், பலகையில் சீட்டை நகர்த்துவோம், வேலை நடக்கும். அதையே நிறுவனம் முழுக்கச் செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கத்தான் அந்த இரண்டு நாள் கூட்டம். அடுத்த மூன்று மாத வேலையையெல்லாம் சீட்டுகளில் எழுதி ஒரே சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு வேலை இன்னொருவர் கையை எதிர்பார்த்து நின்றால், அங்கிருந்து அவர் வரைக்கும் ஒரு சிவப்பு நூல் இழுக்க வேண்டும்.

இதற்காகவே போன வாரம் எங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கிப் புதுக் குழுக்களாகப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது.

சோடாபுட்டி என் கணவர் என்பதும் தெரியாது.

எந்தப் பார்சல் எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று முடிவு செய்யும் பழைய மென்பொருளை எழுதியவர் அவர். அதில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. முதல் வருடம் நூற்று நாற்பது தப்புக் கண்டுபிடித்தேன். இரண்டாம் வருடம் என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். எண்ணிக்கை குறையும் என்று நினைத்திருப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்றார். மென்பொருள் ஓய்வு பெறவில்லை. அது மக்கர் பண்ணும்போதெல்லாம் அவர் போனுக்குச் செய்தி வரும். அனுப்புகிற பிள்ளைகள் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. போனில் தன் முகத்துக்குப் பதில், மேசைமேல் கழற்றிவைத்த மூக்குக்கண்ணாடியைப் படமாகப் போட்டிருந்தார். அதனால் வந்த பெயர். வாய் நிறையத் திட்டிவிட்டுத்தான் வழி சொல்வார். ரிட்டையர் ஆன பிறகும் தன்னைத் தேடுகிறார்கள் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

எனக்கும்தான்.

கடைசியில் ஒரு குழுத் தலைவன் எழுந்தான். அவர் எந்தக் குழுவிலும் இல்லை, எந்த மாடியிலும் இல்லை, சொல்லப்போனால் இந்தக் கட்டடத்திலேயே இல்லை, ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டான்.

பயிற்சியாளர் எத்தனையோ பெரிய நிறுவனங்களைப் பார்த்தவர். ஆனாலும் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

வேலையிலேயே இல்லாத ஒருவரை நம்பி மூன்று மாதத்துக்குத் திட்டம் போட முடியாது, ஊசியைப் பிடுங்குங்கள் என்றார்.

நான் கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் விடவில்லை. அண்ணன் இல்லாமல் ஒரு பார்சலும் நகராது என்று ஆளாளுக்கு வாதாடினார்கள். ஒருவன் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இதையும் சொன்னான்:

"முன்னல்லாம் ஒரு கேள்வி கேட்டா நாலு திட்டு விழும் சார். இப்ப அஞ்சு மாசமா ஆளே மாறிட்டாரு. சாப்டியா தம்பின்னு கேட்டுட்டுத்தான் பதிலே சொல்றாரு."

மண்டபம் முழுக்க முணுமுணுப்பு. எல்லாருக்கும் அதே அனுபவம்தான். உடம்பு சரியில்லையோ என்று யாரோ கவலைப்பட்டார்கள். பதில் சொல்வது அவர்தானா என்று பயிற்சியாளர் வேறு கேட்டுவைத்தார்.

பிறகு மனம் இரங்கினார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று யாராவது அவரிடமே கேளுங்கள், பத்து நிமிடத்தில் பதில் வந்தால் ஊசி இருக்கட்டும் என்றார்.

யாராவது என்று சொல்லியிருக்கக் கூடாது. பன்னிரண்டு தலைவர்களும் போனை எடுத்தார்கள். ஒரே வேலையை எல்லாரும் செய்யாமல் இருக்கத்தான் அந்தக் கூட்டமே.

என் மடியில் இருந்த கைப்பை பன்னிரண்டு முறை அதிர்ந்தது.

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் என்றேன்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

காரியம் முடிந்த கையோடு அவருடைய சட்டைகளைக் கொடுத்தாயிற்று. கட்டிலை இடம் மாற்றிப் போட்டாயிற்று. இந்த எண்ணையும் நிறுத்திவிடும்மா என்று மகள் மூன்று முறை சொல்லிவிட்டாள். நான்தான் மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். அந்த மென்பொருளின் தப்புகள் எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கே தெரியாது. பதில் எழுதுவதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை.

திட்டத்தான் வரவில்லை.

இருபத்தாறு வருடம் காதில் விழுந்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.

"அறிவிருக்காடா? ஒரே கேள்வியப் பன்னெண்டு பேரு கேக்கறீங்க, இதுக்கு ரெண்டு நாள் கூட்டம் வேறயா? வாரத்துக்கு நாலு மணி நேரம். ஞாயித்துக்கிழமை எவனாவது கூப்பிட்டா தோலை உரிச்சிடுவேன்."

பன்னிரண்டு பேருக்கும் அதையே அனுப்பினேன்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது மண்டபம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் மஞ்சள் சீட்டில் நான்கு என்று எழுதி, ஊசியை இன்னும் கொஞ்சம் அழுத்திக் குத்தினார்.

பக்கத்தில் இருந்தவர் எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் இல்லாதபோது நடந்ததைச் சொல்லும் ஆர்வம் அவருக்கு.

"பயந்தே போயிட்டோம்ங்க. அண்ணன் நல்லாத்தான் இருக்காரு."