மேட்டுத் தெருவில் ஓர் ஓட்டம்

"இன்னைக்கு முப்பது கிலோமீட்டரை முடிக்கலேன்னா முழு மாரத்தான் கிடையாதும்மா. பாதி தூரத்துக்கு மாத்திடுவேன்," என்றார் பயிற்சியாளர்.

அவள் தலையாட்டினாள்.

தினமும் நூறு பேருக்காவது "ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சொல்லி ஊசி போடும் நர்ஸ் அவள். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

தூரம்கூடப் பரவாயில்லை. இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் வரும் அந்த மேட்டுத் தெருதான் பயம். வீட்டுக்கு வீடு நாய். விடிந்ததும் அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். போன மாதம் நாலு சேர்ந்து துரத்தியதில் குப்புற விழுந்து, முட்டியில் தோல் பெயர்ந்து, பாதியிலேயே வீடு திரும்பினாள்.

போதாக்குறைக்கு அதே தெருவில்தான் நாத்தனார் வீடு. கணவனுக்கு அக்கா. அன்று சாயங்காலமே போன் வந்தது.

"ரெண்டு பிள்ளை பெத்தவ, எந்த ரயிலைப் பிடிக்க இப்படி ஓடறே?"

"இல்ல அண்ணி, ரொம்ப நாள் ஆசை..."

"நல்ல ஆசை. நாய்க்குட்டியைக் கண்டாலே நான் நாலு தெரு சுத்திப் போறவ. நீ அதுங்களுக்கு நடுவுல போய் விழறே. தெருவே சிரிக்குது."

கடைசி வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது.

நேற்று மதியம் கணவன் போனில் பேசியதும் காதில் விழுந்தது. "ஆமாக்கா, நாளைக்குத்தான். ஏழரை, எட்டுக்குள்ள உன் தெருவுக்கு வந்துடுவா."

"அவங்ககிட்ட ஏன் சொன்னீங்க?"

"அக்கா கேட்டா, சொன்னேன்."

"நான் விழறதை வேடிக்கை பார்க்க நேரம் கேட்டிருப்பாங்க."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.

காலை ஐந்து மணிக்கு ஓடக் கிளம்பினார்கள். கூட ஓடிய தபால்காரர் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. பத்து, பதினைந்து, இருபது என்று கிலோமீட்டர் ஏற ஏற, தோள் இறுகியது. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது.

"தண்ணியைக் குடிங்க சிஸ்டர். அடுத்தது மேடு," என்றார் தபால்காரர்.

தெருமுனை வந்ததும் கால் தானாகத் தயங்கியது.

ஒரு நாயைக்கூடக் காணோம்.

எல்லா வீட்டுக் கேட்டும் சாத்தியிருந்தது. எங்கோ உள்ளே ஒன்று குரைத்தது. இன்னொரு வீட்டில் சங்கிலிச் சத்தம். அவ்வளவுதான்.

தோள் இளகியது. மூச்சு சீரானது. மேடு மேடாகவே தெரியவில்லை.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் நாத்தனார். இவளைப் பார்த்து எழுந்துகூட நிற்கவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"எட்டு கிலோமீட்டர் அண்ணி."

"அப்ப இங்க என்ன பேச்சு? போ, போ."

ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. இவங்களுக்கு அந்த நாலு நாயே தேவலை என்று நினைத்தபடி ஓடினாள். அந்தக் கோபத்திலேயே இரண்டு கிலோமீட்டர் போனது.

எட்டே முக்காலுக்கு முப்பதும் முடிந்தது.

"என்னம்மா, பயந்த அளவுக்கு இல்லையே?" என்றார் பயிற்சியாளர்.

"இல்ல சார். நாய் எதுவும் வெளியில வரல. என் அதிர்ஷ்டம்."

"முழு மாரத்தான்ல உங்க பேரை எழுதிட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலை. ஊசி போடும் அறையில் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். விந்தி விந்தி உள்ளே வந்தார் நாத்தனார். பின்னாலேயே அவருக்கு எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன்.

இவளைப் பார்த்ததும் நாத்தனார் முகம் மாறியது. "உனக்கு நைட் டியூட்டின்னு நினைச்சேனே."

சீட்டை வாங்கிப் பார்த்தாள். நாய்க்கடி. இரண்டாவது ஊசி. முதல் ஊசி சனிக்கிழமை, வேறொரு ஆஸ்பத்திரியில் போட்டிருந்தது.

"சனிக்கிழமையே கடிச்சதா? ஞாயித்துக்கிழமை பார்த்தப்போ ஏன் அண்ணி சொல்லல?"

"ஓடறவளை நிறுத்திவச்சு இதையெல்லாம் சொல்லணுமாக்கும். ஊசியைப் போடு."

"எங்க நாய்தான் சிஸ்டர்," என்றார் எலக்ட்ரீஷியன், தலையைக் குனிந்தபடி. "கேட்டைத் தட்டினாங்க. நான் வர்றதுக்குள்ள பாய்ஞ்சிடுச்சு."

"நாயிருக்கிற வீட்டுக் கேட்டையா? இவங்களா தட்டினாங்க?"

"நீங்க பேசாம இருங்க தம்பி," என்றார் நாத்தனார்.

எலக்ட்ரீஷியன் நிறுத்தவில்லை. "எங்க வீட்டை மட்டுமா? தெருவுல ஒரு வீடு விடல. 'நாளைக்குக் காலையில எங்க வீட்டுப் பொண்ணு ஓடி வருது. எட்டு மணி வரைக்கும் நாயைக் கட்டிவைங்க'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. எங்க வீடு ஏழாவது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு வண்டியை எடுத்தேன். குழாயடியில காலைக் கழுவிக்கிட்டு, மிச்சமிருந்த அஞ்சு வீட்டுக் கேட்டையும் தட்டிட்டுத்தான் சிஸ்டர் வண்டியில ஏறினாங்க."