பால் பொங்காத வீடு

கடைவீதியில் பூட்டிக் கிடந்த பழைய மாடி வீட்டுக் கதவுக்கு எறும்பை விட்டால் பேச்சுத்துணை கிடையாது.

"மழைக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பக்கம் போயிடுறேன் அக்கா. முட்டை பொரிஞ்சா பிள்ளைகளுக்கு என்னத்தைக் கொடுப்பேன்?" என்றது எறும்பு.

"அவசரக்குடுக்கை! இந்த வீட்டைப் பழைய மாதிரியே சீர்படுத்தப் போறாங்களாம். அளவெடுக்க வந்தவங்க பேசிக்கிட்டாங்க. அப்புறம் ஆள் குடிவராமலா இருக்கும்? பால் காய்ச்சினா பொங்கி வழியும், சர்க்கரை சிந்தும். இருடி."

எறும்பு இருந்தது. கொத்தனார்கள் வந்தார்கள். அவர்கள் தின்று சிந்திய பன் துணுக்கிலேயே அதன் வயிறு நிறைந்தது.

"சொன்னேனா இல்லையா?" என்று புது வார்னிஷ் மினுங்கக் கதவு சிரித்தது.

திறப்பு நாளன்று மாவிலை கட்டினார்கள். எறும்பு அடுப்படியில் போய்க் காத்திருந்தது. வந்தவர்கள் அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் குடிவரவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்க வழியில்லை.

"எப்போ அக்கா பால் காய்ச்சுவாங்க?" என்று எறும்பு தினமும் கேட்டது. "நாளைக்கு" என்று கதவும் தினமும் சொன்னது. ஒருநாள் அந்தக் கேள்வி வரவில்லை.

மழை விட்டதும், வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்க்க இரண்டு பெண்கள் வந்தார்கள்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாருடி! ஒரு எறும்புகூட இல்லை" என்றாள் ஒருத்தி.

கதவுக்குச் சாத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதைச் சுவரோடு சேர்த்துக் கொக்கி போட்டு வைத்திருந்தார்கள்.