ஊதா மைப் பேனா

குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடச் சட்டமன்றத்துக்கு வந்திருந்தாள் எம்.எல்.ஏ. செண்பகவல்லி. "ரெண்டாவது பேருக்கு நேரா ஒண்ணுன்னு எழுது. அவங்ககிட்டதான் பேசி முடிச்சிருக்கேன்" என்று காரிலேயே சொல்லித் தன் பேனாவைக் கொடுத்திருந்தார் கணவர் ராசமாணிக்கம். நான்கு வருடங்களாக அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், அந்தப் பேனாவால்தான் அவள் கையெழுத்துப் போட்டுவந்தாள்.

வாசலில் அதிகாரி அதை வாங்கி வைத்துக்கொண்டார். "உள்ள இதாலதான் எழுதணும்மா" என்று ஊதா மைப் பேனா ஒன்றை நீட்டினார்.

மறைப்புக்குள் அவள் மட்டும் நின்றாள். சீட்டில் இரண்டு பெயர்கள். எந்த விரலும் வந்து இடம் காட்டவில்லை. இரண்டையும் நிதானமாகப் படித்தாள். பிறகு எழுதினாள்.

காரில் ஏறியதும் அவர் கேட்டார். "சொன்னபடி போட்டியா?"

"அது ரகசிய ஓட்டுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மடியிலிருந்த ஃபைலை விரித்து, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "சரி, இங்க போடு."

அவள் அந்த விரலை மெல்ல நகர்த்திவிட்டு, முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"மெதுவாவே போங்க தம்பி" என்றாள் டிரைவரிடம்.