கால் எட்டுற வண்டி

ஆறாவது ஸ்கூட்டர் மேல ஏறி உக்காந்ததும் அம்பரீனுக்கு ரெண்டு குதிகாலும் தரையில பட்டுச்சு.

முன்னாடி பார்த்த அஞ்சுலயும் கட்டை விரல் தான் பட்டுது. நாலடி பதினொன்னு உயரத்துக்கு எல்லா வண்டியும் குதிரை மாதிரி தான் இருக்குது.

"சீட்டு எழுநூத்தி அறுபத்தஞ்சு எம்எம் மேடம். நம்ம ஷோரூம்லயே இது தான் குட்டை," ன்னாரு சேல்ஸ்மேன் சிவராஜ். சென்டர் ஸ்டாண்ட எடுத்து வுட்டுட்டு, எங்க சாய்ச்சிடப் போறாளோன்னு பின்னாடி கம்பிய புடிச்சிக்கினே நின்னாரு.

"கைய எடுங்க சார். நான் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினவ."

எடுத்தாரு. நூத்தி ஏழு கிலோ வண்டி. ஆடவே இல்ல.

அண்ணன் அயாஸ் கீழ குந்திக்கினு போன்ல போட்டோ எடுத்துக்கினு இருந்தான். ஒவ்வொரு வண்டிக்கும் ரெண்டு போட்டோ. ஸ்டேட்டஸ்ல போடத்தான்னு நெனச்சி, ஒவ்வொரு தடவையும் துப்பட்டாவ இழுத்து வுட்டுக்கினு சிரிச்சா அம்பரீன்.

"செருப்ப கழட்டு. இப்பவும் எட்டுதா? ப்ரேக்க புடி. விரல் பூரா வருதா?"

அவன் இவ்ளோ அக்கறையா பேசி அவ பார்த்ததே இல்ல. அவளோட ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கே "பாஸா?"ன்னு ஒத்த வார்த்தை கேட்டுட்டு பரோட்டாவ பிச்சிக்கினு இருந்தவன்.

ஆனா சொன்னத செய்யறான். ரம்ஜானுக்கு முன்னாடி அவங்க அம்மி எதிர்ல தான் சொன்னான், நீ மொதல்ல லைசென்ஸ் எடு, வண்டி நான் எடுத்து தரேன்னு.

எடுத்துட்டா. அந்த தைரியத்துல திருப்புட்குழி லேப் வேலைக்கும் சரின்னு சொல்லிட்டா. சாப்புடாம வந்து ரத்தம் குடுக்கிறவங்களுக்காக காலைல ஆறரைக்கே தொறக்கணும், அந்த நேரத்துக்கு போய் சேர பஸ் கெடையாது. வண்டி இருந்தா தான் வேலை.

லேப் படிப்பு படிச்சிட்டு மூணு வருஷமா பட்டுக்கடையில பொடவ பிரிச்சி மடிச்சி போட்டுக்கினு இருந்தவ. இன்னிக்கு காலைல தான் ஐடி கார்ட கழட்டி முதலாளி டேபிள் மேல வெச்சிட்டு வந்தா.

வர்ற திங்கக்கிழமை ஜாயினிங்.

"சார், சீட்டுக்கு அடியில சாம்பிள் எடுத்துக்கினு போற ஐஸ் பெட்டி உள்ள போவுமா?"

"ஹெல்மெட்டு போனா போதும்மா," ன்னான் அயாஸ். "கலர சொல்லு."

"அதோ, அந்த மயில்கழுத்து."

சிவராஜ் திரும்பி பார்த்தாரு. "மேடம், அது மேட் ப்ளூ."

"லைட்டு பட்டா பச்சை அடிக்குது பாருங்க. பொடவயில நீல பாவுல பச்சை ஊடை போட்டு நெய்வாங்களே, அந்த மாதிரி. இத போய் ப்ளூன்னு சொன்னா எங்க முதலாளி வேலைய வுட்டே தூக்கிடுவாரு."

"அதான் நீயே தூக்கி போட்டுட்டு வந்துட்டியே!" ன்னான் அயாஸ்.

மூணு பேரும் சிரிச்சாங்க.

சிவராஜ் பாரத்த எடுத்து கலர்ல ப்ளூன்னு எழுதினாரு. அம்பரீன் மொறைச்சா. பக்கத்துலயே சின்னதா மயில்கழுத்துன்னும் எழுதினாரு.

அம்பரீன் வண்டி கண்ணாடிய தன் உயரத்துக்கு திருப்பி வெச்சிக்கினு இருந்தா.

"வண்டி யார் பேர்ல சார்?"

"ரூக்ஷார்," ன்னான் அயாஸ்.

கண்ணாடியில தான் அவன பார்த்தா. குனிஞ்சி ஸ்பெல்லிங் சொல்லிக்கினு இருந்தான்.

ரூக்ஷார் அவன் கட்டிக்கப் போற பொண்ணு. அடுத்த மாசம் நிக்காஹ்.

"பாய்..." ன்னா அம்பரீன்.

"உனக்கும் எடுப்போம்மா, கல்யாணம் முடியட்டும்," ன்னான், தலைய தூக்காம. "பேசி முடிச்சப்புறம் பொண்ண வெளிய கூட்டினு வர முடியாதுன்னு உனக்கே தெரியும். நீயும் அவளும் ஒரே ஹைட்டு. அதான்."

தெரியும். போன மாசம் ரூக்ஷாருக்கு வளையல் எடுக்கறப்போ அளவுக்கு அம்பரீன் கைய தான் நீட்ட சொன்னாங்க. சந்தோஷமா நீட்டினா. யாருக்குன்னு சொல்லிட்டு தான அன்னிக்கு கூட்டினு போனாங்க.

"அப்ப லேபு?"

"கடையிலயே போய் கேளு. சேத்துப்பாங்க."

அவன் போன் டிங்குன்னுச்சு. பார்த்தான். இவ்ளோ நேரத்துல மொத தடவையா வெக்கப்பட்டு சிரிச்சான்.

"கலர் மட்டும் மாத்திக்கலாம் சார். அரக்கு தான் வேணுமாம்," ன்னு போன சிவராஜ்கிட்ட நீட்டினான்.

ஸ்கிரீன் இவ பக்கமும் தெரிஞ்சிது. பன்னெண்டு போட்டோ. தரையில கால், ப்ரேக் மேல கை. கால், கை. கால், கை.

ஒன்னுத்துல கூட அவ மூஞ்சி இல்ல.

சிவராஜ் மயில்கழுத்த அடிச்சிட்டு மேல அரக்குன்னு எழுதினாரு. அப்புறம் வண்டிய பார்த்துக்கினே தான் பேசினாரு.

"மேடம், கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா? அங்க நிக்கிறவங்க ஏறி பார்க்கணுமாம்."

அம்பரீன் சைடு ஸ்டாண்ட கால்ல தள்ளினா. நல்லா ஊணி நிக்குதான்னு ஒரு தடவ ஆட்டி பார்த்தா.

அப்புறம் எறங்கினா.