கழுவிக் கவிழ்த்த பானை

சிவலட்சுமி கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. நேராகக் குசினிக்குள் போனேன்.

அடுப்புச் சாம்பல் அள்ளியிருந்தது. பலகைத் தட்டில் ஒரேயொரு பானை, கழுவிக் கவிழ்த்திருந்தது.

அதை நிமிர்த்தி உள்ளே பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தேன்.

“வெள்ளன சமைச்சு மனுசனுக்குச் சோறு தீத்திப்போட்டன், பிள்ளை. நீங்கள் வாறியள் எண்டு பானையைக் கழுவி வைச்சனான்,” என்றார்.

படிவத்தில் எழுதினேன்: வீட்டில் சமைத்த உணவு இல்லை.

நான் சமூகப்பணி மூன்றாம் வருட மாணவி. களப்பயிற்சிக்காகக் கிளிநொச்சியில் ஓர் உதவி நிறுவனத்தில் விட்டிருந்தார்கள். கஷ்டப்பட்ட குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் விபரம் எடுத்து, என்ன செய்யலாம் என்று பரிந்துரைப்பது வேலை.

ஜெயபுரத்தில் இருந்த இந்த வீடு எனக்கு விழவில்லை. கூடப் படிக்கும் கிருசாந்தனின் பட்டியலில்தான் சிவலட்சுமியின் பெயரைக் கண்டேன். மாங்குளத்தில் எனக்கிருந்த மூன்று வீடுகளை அவனுக்குக் கொடுத்து இதை வாங்கினேன். ஏனென்று கேட்டான். சும்மா என்றேன்.

உள்ளறையில் சிவலட்சுமியின் கணவர் யோகலிங்கம் படுத்திருந்தார். பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். அவருக்கு ஒரு சக்கர நாற்காலி கேட்டுத்தான் விண்ணப்பம்.

விரிப்பு தோய்த்துக் காய்ந்த வாசம் அடித்தது. அவரைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஒரு புண்ணும் இல்லை. அதை எழுதவில்லை.

சிவலட்சுமி என் பேனையையே கவனித்துக்கொண்டிருந்தார். அவரும் முன்பு இதே வேலை செய்தவர். மீள்குடியேற்றக் காலத்தில் வந்த ஒரு நிறுவனத்தின் வெளிக்கள அலுவலர். நிறுவனம் போன பின் அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

கடைசிப் பகுதியை எழுதினேன்.

எழுதியதை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அது விதி. ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.

“பராமரிப்பவர் தகுதியற்றவர். பராமரிக்கப்படுபவரை இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.”

பேனையை வாங்கிய கை அப்படியே நின்றது. முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“இது நான் எழுதினதெல்லோ,” என்றார். பிறகு, “நீங்கள் மூத்த பிள்ளையோ, இளையதோ?”

“மூத்தது.”

பதின்மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் தறப்பாள் கொட்டிலுக்கு அவர் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. தங்கச்சி யதுவுக்கு ஐந்து. அப்பா இல்லை. அதிகாரி வருகிறார் என்று அம்மா விடியவே சமைத்துத் தந்துவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். சிவலட்சுமி அதை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு இதே இரண்டு வரிகளையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்.

அடுத்த கிழமை வான் வந்து எங்களைச் சிறுவர் இல்லத்துக்கு ஏற்றிப் போனது. மூன்றாம் மாதம் காய்ச்சலில் யது அங்கேயே செத்துப்போனாள்.

இளையவள் எங்கே என்று சிவலட்சுமி கேட்பார் எனக் காத்து நின்றேன். கேட்டால் சொல்வதற்கென்று எத்தனையோ வருடமாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. உள்ளறையிலிருந்து யோகலிங்கம் குழறிய குரலில் கூப்பிட்டார். “வாறன்,” என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, கையெழுத்தைப் போட்டுப் படிவத்தை என்னிடம் நீட்டினார்.

அன்று பின்னேரமே அதை அலுவலகத்தில் கொடுத்தேன். பொறுப்பாளர் வாசிக்காமலே ஒப்பமிட்டார். யோகலிங்கத்தை மறு மாதம் ஏற்றிப் போனார்கள்.

அந்த இரண்டு வரிகளையும் வெட்டச் சொல்லி சிவலட்சுமி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வெட்டியிருப்பேனா, எனக்குத் தெரியாது.

அம்மா கேட்டார். காலைப் பிடித்துக் கேட்டார்.